ஸ்டோரில் பூட்டி வைத்த குப்பைக் கூடைகள்

ஸ்டெல்லா, பிரவீன், நீங்கள் இரண்டு பேரும் படிப்பதற்காக இதை எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

போன வாரம் ஸ்டெல்லா போன் செய்தாள். திட்டக்குடி பக்கம் அரசு மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்து இன்னும் முதல் சம்பளம்கூட வாங்கவில்லை, அதற்குள் குரலில் சலிப்பு.

"அப்பா, எனக்கு வார்டு குப்பைக்கு சார்ஜ் குடுத்துட்டாங்க. பைக்கு பார்கோடு ஒட்டி போன்ல ஸ்கேன் பண்ணணுமாம். நாலு வருஷம் நர்சிங் படிச்சது இதுக்குத்தானான்னு கூட வேலை பாக்கறவ சிரிக்கிறா" என்றாள்.

பிரவீன் என் தோளுக்கு மேலிருந்து, "குப்பை நம்ம குடும்பத் தொழில், விட்டுடாத" என்றான். அவளும் சிரித்துவிட்டாள். நல்ல பொறுப்பும்மா என்று நான் சொன்னதற்கு, "நீங்க அப்பிடித்தான் சொல்லுவீங்க" என்று போனை வைத்துவிட்டாள். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைப் போனில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தத் தாள்கள்.

தேவனாம்பட்டினத்தில் உங்கள் தாத்தாவோடு கடலுக்குப் போகாமல் கரையில் நின்ற ஒரே பிள்ளை இந்த ஆரோக்கியம்தான். பத்தாவது பாஸ் செய்ததும் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கள உதவியாளர் வேலை கிடைத்தது. கழிவுத் தண்ணீரை பாட்டிலில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவதுதான் வேலை. கேட்கச் சுலபமாக இருக்கும். எந்தத் தண்ணீரைப் பிடிக்கிறோமோ அதே தண்ணீரால் பாட்டிலை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். கிருமி பார்க்கிற பாட்டிலை மட்டும் அலசவே கூடாது, அது ஏற்கெனவே வேகவைத்து மூடி வந்தது, மூடியின் உள்பக்கம் விரல் படக்கூடாது. பிடித்ததும் ஐஸ் பெட்டி. பிறகு சீட்டு ஒட்டி, நூல் கட்டி, அரக்கு வைத்து, அந்த இடத்துக்காரரிடம் கையெழுத்து. கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் சண்டை போடக்கூடாது, 'மறுத்தார்' என்று எழுதிக்கொண்டு வந்துவிட வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் கோர்ட்டில் வக்கீல் பாட்டிலைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பார். முதல் சில வருடம் எனக்கு இதைக் கற்றுக்கொள்ளவே போயிற்று. அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

கடலூரில் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. கேட்டில் எங்கள் ஜீப் நின்றால் வாட்ச்மேனிலிருந்து மேனேஜர் வரை எல்லோருக்கும் வேர்க்கும். விதியை மீறினால் கரண்ட்டைத் துண்டிக்க உத்தரவு வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அரசாங்க இடத்துக்குப் போனால் வேர்க்காது, காபி வரும். "நீங்களும் கவர்மெண்ட்டு, நாங்களும் கவர்மெண்ட்டு, நமக்குள்ள இன்னா சார்" என்று முதுகில் தட்டுவார்கள். நோட்டீஸ் அனுப்பினால், 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்று பதில் வரும். மறுபடி அனுப்பினால் மறுபடியும் அதே பதில். கடைசியில் ஃபைலை அலமாரியில் வைத்துவிட்டு நாங்கள் அடுத்த கம்பெனிக்குப் போவோம். பல வருடம் அப்படித்தான் ஓடியது.

அப்போதுதான் கௌசல்யா மேடம் எங்களுக்குப் பொறியாளராக வந்தார்.

மேடம் உயரமில்லை. குரலும் உயராது. காட்டன் புடவையும் கேன்வாஸ் ஷூவுமாகத்தான் ஆய்வுக்கு வருவார். ஒரு கேள்விக்குச் சரியான பதில் வராவிட்டால் அதே கேள்வியை இன்னும் தாழ்ந்த குரலில் கேட்பார். அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் எல்லோரும் பயந்தார்கள். டீ வந்தால், "முடிச்சிட்டு குடிக்கறோம்" என்பார். முடிவதற்குள் டீயில் ஆடை படிந்து ஈ விழுந்திருக்கும். இப்படி நான் இழந்த டீக்குக் கணக்கே இல்லை.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. எந்த இடமானாலும் முன்வாசலில் நுழைய மாட்டார். ஜீப்பைச் சுற்றிக்கொண்டு பின்சுவருக்கு விடச் சொல்லுவார். ஏன் மேடம் என்று ஒருநாள் கேட்டேன். "முன்னாடி இருக்கறது அவுங்க நமக்குக் காட்டறது, ஆரோக்கியம். பின்னாடி இருக்கறதுதான் அவுங்க செய்யறது" என்றார்.

ஒரு நடவு நேரத்தில் சிதம்பரம் பக்கமிருந்து விவசாயிகள் ஒரு மனுக் கொடுத்தார்கள். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்ணின் காலில் ஊசி ஏறிவிட்டது, ஆஸ்பத்திரி ஊசி. மேலே ஓர் அரசு மருத்துவமனை இருக்கிறது, அதன் பின்பக்க வாய்க்கால்தான் எங்கள் வயலுக்கு வருகிறது என்று சொன்னார்கள். அந்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுத மாட்டேன். இப்போது அது ஒழுங்காக நடக்கிறது, பழைய கதைக்காக அதன் பெயரைக் கெடுக்க வேண்டாம்.

நாங்கள் வழக்கம்போலப் பின்பக்கமாகப் போனோம். சுவரில் ஓர் இடிந்த சந்து, அதைத் தாண்டி ஒரு பள்ளம். அதில் ரத்தத் துணி, டியூப், சிரிஞ்சு, சாப்பிட்டு எறிந்த இலை எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. மழை பெய்தால் பள்ளம் நிரம்பி வாய்க்காலில் விழும். ஓர் அம்மா தள்ளுவண்டியைச் சாய்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் அஞ்சலை. ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். இரண்டு கையிலும் விரலுக்கு விரல் பழைய துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

கையில் என்ன காயம் என்று மேடம் கேட்டார்.

"காயமெல்லாம் ஒண்ணுமில்லம்மா. குத்தாம இருக்க கட்டினது. அப்பவும் குத்தும்" என்றார் அஞ்சலை.

எந்தக் குப்பை எந்தப் பையில் வர வேண்டும் என்று யாராவது சொன்னார்களா என்று மேடம் விசாரித்தார். "எனக்கு இன்னா தெரியும்மா. அவுங்க குடுக்கறத தள்ளிக்கினு வரேன்" என்றார். கணவர் இல்லை, பையன் ஐ.டி.ஐ.யில் படிக்கிறான், இந்தச் சம்பளம்தான் வீடு என்பதையும் வண்டியைத் தள்ளியபடியே சொன்னார்.

நான் வாய்க்கால் தண்ணீரைப் பிடித்து அரக்கு வைத்தேன். பிறகு வார்டுகளுக்குப் போனோம். ஸ்டெல்லா, இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், பிரவீனுக்காக எழுதுகிறேன். ரத்தம் பட்ட பஞ்சும் துணியும் மஞ்சள் பையில் போட வேண்டும். டியூப், ஊசி நீக்கிய சிரிஞ்சு, பிளாஸ்டிக் எல்லாம் சிவப்பில். கண்ணாடி நீலத்தில். ஊசியும் பிளேடும் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளைப் பெட்டியில். அதற்கு முன்னால் ஊசியை ஒரு சின்ன இயந்திரத்தில் வெட்டிவிட வேண்டும். கழிவை அழிக்கிற நிலையத்து வண்டி வந்து எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்துப் போகும். சட்டம் இவ்வளவுதான்.

அந்த வார்டில் இருந்தது ஒரே ஒரு பழைய பக்கெட். ஊசிகளுக்கு வாய் வெட்டிய சலைன் பாட்டில். மேடம் பக்கெட்டுக்குள் கைவிட மாட்டார், குலுக்கவும் மாட்டார். தரையில் தார்ப்பாய் விரித்து, என்னிடம் இடுக்கியைக் கொடுத்து, ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொல்லி நின்று பார்த்தார். மஞ்சளுக்கு உரியது, சிவப்புக்கு உரியது, வெள்ளைக்கு உரியது, கடைசியாக ஒரு பாதி வாழைப்பழம். நர்சுகள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள்.

"கூடைங்க வாங்கலையா?" என்று மேடம் கேட்டார்.

ஸ்டோர் பொறுப்பாளர் தண்டபாணி அப்போதுதான் ஓடி வந்தார். பெரிய டாக்டர் ஆபரேஷனில் இருப்பதாகச் சொன்னார். கூடையெல்லாம் இருக்கிறது மேடம், வாங்கி ரொம்ப நாளாகிறது என்றார். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து ஸ்டோரைத் திறந்தார்.

உள்ளே மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை என்று கூடைகள் கூரைவரை அடுக்கி இருந்தன. பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை, விலை ஒட்டிய சீட்டுக்கூடக் கிழியவில்லை. பக்கத்துக் கண்ணாடி அலமாரியில் ஊசி வெட்டும் இயந்திரம். அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம், அதற்குமேல் இன்னொரு சந்தனம். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் வெளியே எடுத்துப் பொட்டு வைத்து, சுண்டல் கொடுத்து, மறுபடி உள்ளே வைத்திருக்கிறார்கள். ஓர் ஊசியைக்கூட அது வெட்டவில்லை.

மேடம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது எதுக்கு உள்ள இருக்கு?"

"புதுசு மேடம்" என்றார் தண்டபாணி.

"இது எதுக்கு உள்ள இருக்கு?" என்று மேடம் மறுபடி கேட்டார், தாழ்ந்த குரலில்.

தண்டபாணி உடைந்து போனார். "வார்டுக்குக் குடுத்தா ஒடைச்சிடுவாங்க மேடம். ஆடிட்ல வந்து கேட்டா நான்தான பதில் சொல்லணும்? முந்தி இருந்த ஊர்ல ஒரு எடை மெஷின் ஒடைஞ்சதுக்கு என் பென்ஷன் வரைக்கும் வந்துட்டாங்க. இங்க ஸ்டாக் சரியா இருக்கு, நீங்களே எண்ணிக்கங்க."

அவர் திருடர் இல்லை, பிள்ளைகளே. அது எனக்கு அப்போதே தெரிந்தது. ஒன்றுகூடக் குறையாமல் வைத்திருந்தார். வைத்திருந்ததுதான் தப்பு. அரசாங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் இந்தத் தப்பு புரியும். பொருளைக் கொடுத்து உடைந்தால் கேள்வி வரும், கொடுக்காமல் ஊசி அஞ்சலையைக் குத்தினால் எந்த ஆடிட்டிலும் கேள்வி வராது.

திரும்பி வரும்போது ஜீப்பில் மேடம் ஆய்வுக் குறிப்பைப் புரட்டிக்கொண்டே வந்தார். கம்பெனியாக இருந்தால் கரண்ட்டைத் துண்டிக்கச் சொல்லி அன்றே எழுதியிருப்போம். இது பிரசவம் பார்க்கிற இடம். குறைமாதக் குழந்தைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. துண்டிக்க முடியாது என்பது நமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும், அதுதான் சிக்கல் என்று நான் சொன்னேன். மேடம் தலையாட்டினார்.

காரணம் கேட்டு நோட்டீஸ் போனது. இந்தத் தடவை வழக்கமான பதில் வரவில்லை. ஒப்பந்தப் பணியாளர் அஞ்சலையின் கவனக்குறைவே காரணம், அவர் இந்த மாதக் கடைசியோடு பணியிலிருந்து நீக்கப்படுகிறார், ஆகவே இதை முடித்துவைக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். கீழே பெரிய டாக்டரின் கையெழுத்து.

மேடம் அதை என்னிடம் நீட்டினார். எனக்கு அந்தத் துணி சுற்றிய விரல்கள்தான் கண்ணில் வந்தன. நாம் போகாமல் இருந்திருந்தால் அந்த அம்மாவுக்கு வேலையாவது இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டேன். மேடத்துக்குக் கோபம் வரவில்லை. "மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கு. நேர் விசாரணைக்கு எழுதுங்க. ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பானவர் வரணும்னு போடுங்க" என்றார்.

மேடத்தின் மேஜைக்கு எதிரே கைவைத்த நாற்காலி ஒன்று உண்டு. விசாரணைக்கு வருகிறவர்களில் பொறுப்பாளர் மட்டும் அதில் உட்காருவார், கூட வந்தவர்களுக்கு பெஞ்சு. பெரிய பெரிய முதலாளிகள் அதில் உட்கார்ந்து நெளிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

விசாரணை நாளில் தண்டபாணி வந்தார். பின்னால் அஞ்சலை, நல்ல புடவை கட்டி, எண்ணெய் வைத்துத் தலை வாரி, முகம் மட்டும் வெளுத்துப் போய்.

"டாக்டர் வரலையா?" என்றார் மேடம்.

"ஐயாவுக்கு இன்னைக்கு ஆபரேஷன் மேடம். அதான் சம்பந்தப்பட்ட ஆளையே கூட்டியாந்துட்டேன். எல்லாத்தையும் ஒத்துக்கறேன்னு சொல்லிடுச்சு."

மேடம் அஞ்சலையைப் பார்த்தார். "உக்காருங்க."

"நான் நின்னுக்கறம்மா."

"இல்ல, உக்காரணும். இந்த நாற்காலியில ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பானவங்கதான் உக்காருவாங்க. குப்பைக்கு நீங்கதான் பொறுப்புன்னு லெட்டர் வந்திருக்கு."

அஞ்சலை தண்டபாணியைத் திரும்பிப் பார்த்துவிட்டு விளிம்பில் உட்கார்ந்தார். "நான் ஒக்காந்தா நான்தான் பெரிய டாக்டராம்மா?"

"இன்னைக்கு நீங்கதான். சொல்லுங்க, எந்தக் கலர்ல எத்தினி கூடை வேணும்னு நீங்கதான் எழுதித் தருவீங்களா?"

"நான் எழுதி யாரு தருவாங்க? ஒரு ஜதை கையுறை கேட்டே ரெண்டு பொங்கல் போயிடுச்சு."

"ஸ்டோர் சாவி உங்ககிட்டதான இருக்கு?"

"அது இவரு இடுப்புல இருக்கும். குளிக்கறப்பகூட அவுக்க மாட்டாருன்னு சொல்லுவாங்க."

நான் குனிந்து ஐஸ் பெட்டியின் மூடியைச் சரிசெய்தேன். சிரிப்பை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது? தண்டபாணியின் கை தானாக இடுப்புக்குப் போய்வந்தது.

மேடம் அவரிடம் திரும்பினார். "டாக்டருக்கு போன் போடுங்க. ஆபரேஷன முடிச்சிட்டே வரட்டும், அவசரமில்ல. அது வரைக்கும் இவுங்க அந்த நாற்காலியிலயே இருக்கட்டும்."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டாக்டர் வந்தார். நெற்றியில் ஆபரேஷன் தொப்பியின் தடம் அப்படியே இருந்தது. அறைக்குள் நுழைந்தவர் அஞ்சலையை நாற்காலியில் பார்த்ததும் நின்றுவிட்டார். மேடம் எழுந்து, "இப்ப நீங்க எழுந்திரிக்கலாம் அஞ்சலை. உரியவர் வந்துட்டாரு" என்றார்.

டாக்டர் உட்கார்ந்து அந்தப் பதிலை வாங்கிப் படித்தார். தினமும் கட்டுக் கட்டாக வருகிற தாள்களில் ஒன்றாக அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் நான் போடவில்லை என்று அவர் சொல்லவில்லை. கையெழுத்து என்னுடையதுதான் என்றார். பிறகு அவருக்கும் கோபம் வந்தது. பாதி இடம் காலியாக இருக்கிறது, இரண்டு ஆள் வேலையை ஒரு நர்ஸ் பார்க்கிறாள், இத்தனை பிரசவம் நடக்கிறது, அதையெல்லாம் கேட்க ஒருவரும் வரவில்லை, குப்பையைக் கேட்க மட்டும் வருகிறீர்கள் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. மேடம் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார்.

"எல்லாம் நிஜம் டாக்டர். உங்க ஆஸ்பத்திரிக்கு என்னால கரண்ட்ட நிறுத்த முடியாது. ஆனா கேஸ் போட முடியும். அது உங்க பதவி மேல போகாது, உங்க பேர் மேலதான் போகும். கோர்ட்டுக் கூண்டுல வந்து நிக்க பதவிக்குக் கால் கிடையாது."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் இன்னா பண்ணணும்?" என்றார்.

மேடம் ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளினார். வார்டுக்குக் கொடுத்த கூடை உடைந்தால் உடைந்ததைக் காட்டினால் போதும், டாக்டராகிய நானே பார்த்துக் கையெழுத்துப் போடுவேன், ஸ்டோர்காரர் பதில் சொல்ல வேண்டியதில்லை, இதை முதலில் எழுதுங்கள் என்றார். டாக்டர் எழுதினார். எழுத எழுத தண்டபாணி பெஞ்சிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தார். எழுதி முடித்ததும் சாவியை அவிழ்த்து டாக்டர் முன்னால் வைத்தார். அந்த மனிதர் கண் கலங்கியது எனக்குத் தெரியும். பென்ஷன் பயம் அப்படிப்பட்டது.

பள்ளத்தை மூடி, சுவரைக் கட்டுவது அடுத்த வரி. துப்புரவுப் பணியாளர்களுக்குக் கையுறை, பூட்ஸ், மஞ்சள் காமாலைத் தடுப்பூசி அதற்கு அடுத்தது.

"கடைசி வரி நீங்களே சொல்லுங்க டாக்டர்" என்றார் மேடம்.

டாக்டர் அஞ்சலையைப் பார்த்தார். 'அஞ்சலை பணியில் தொடர்வார்' என்று எழுதி, வாய்விட்டு ஒரு தடவை படித்துக் காட்டினார்.

வெளியே வராந்தாவில் அஞ்சலை என்னிடம், நாளைக்கு நான் போகலாமா சார் என்று கேட்டார். போங்க என்றேன். போகிறவர் நின்று, "அந்த நாற்காலி நல்லா மெத்துனு இருந்திச்சி" என்றார்.

அறுவடை முடிந்த பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் போனோம். பின்பக்கம் சுவர் எழும்பியிருந்தது. பள்ளம் இருந்த இடத்தில் பூட்டுப் போட்ட சின்ன அறை, உள்ளே கலர் வாரியாகக் கட்டிய பைகள். முட்டிவரை பூட்ஸ் போட்டுக்கொண்டு அஞ்சலை ஓர் இளம் நர்சோடு வாதாடிக்கொண்டிருந்தார். சிவப்புப் பையில் பஞ்சு இருக்கிறது, பிரித்துப் போட்டுக் கொண்டுவந்தால்தான் வாங்குவேன் என்கிறார். நர்ஸ் முணுமுணுத்தபடி பையைத் திருப்பி எடுத்துப் போனாள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்ததையும் ஒருநாள் திருப்பி அனுப்பியிருக்கிறார் என்று டாக்டரே எங்களிடம் பெருமையாகப் புகார் சொன்னார்.

வார்டில் கூடைகள் எல்லாம் கீறலும் கறையுமாக இருந்தன. ஒன்றின் மூடி உடைந்து, பேண்டேஜ் துணியால் கட்டியிருந்தார்கள். தண்டபாணி பதறிப்போய் அதைக் காலால் பின்னுக்குத் தள்ளப் பார்த்தார். மேடம் குனிந்து அந்தக் கட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒடைஞ்சிருக்கு. ரொம்ப நல்லது" என்றார்.

ஊசி வெட்டும் இயந்திரம் நர்ஸ் மேஜைமேல் இருந்தது. ஒரு நர்ஸ் ஊசி போட்டுவிட்டு வந்து அதில் வைத்தாள். டக் என்று ஒரு சத்தம். கை பட்டுப் பட்டுச் சந்தனமெல்லாம் போய், திருகாணிப் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் குங்குமம் மிச்சம் இருந்தது. அன்றைக்குத்தான் மேடத்தோடு ஆய்வுக்குப் போன இடத்தில் சூடாக டீ குடித்தேன். அத்தனை சீக்கிரம் வேலை முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகும் பல அரசாங்க இடங்களுக்குப் போனோம். பஸ் டிப்போ, விடுதி, குப்பைமேடு என்று எதையும் விடவில்லை. எல்லா இடத்திலும் காபி வந்தது, எல்லா இடத்திலும் 'நமக்குள்ள இன்னா' வந்தது. எங்களுக்கு என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. உங்கள் பெயர் என்ன, சாவி யாரிடம் இருக்கிறது, இந்த இரண்டும்தான். அரசாங்கம் என்றால் சட்டம் தளரும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். தளர்ந்ததை இழுத்துக் கட்டியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு.

ஸ்டெல்லா, பார்கோடு நல்ல விஷயம்தான். ஒட்டு, ஸ்கேன் பண்ணு. ஆனால் நாளைக்கு டூட்டிக்குப் போனதும் முதலில் உன் வார்டுக் கூடைகளைக் கையால் தடவிப் பார். கீறலும் கறையும் இருந்தால், ஒன்றாவது உடைந்திருந்தால், நிம்மதியாக உன் வேலையைப் பார். எல்லாம் புத்தம் புதிதாகப் பளபளத்தால், உன் ஆஸ்பத்திரியிலும் ஓர் அஞ்சலை விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டு வண்டி தள்ளுகிறாள் என்று அர்த்தம். அவளைத் தேடிப் போ.

முன்பக்கம் தேடாதே.